காய்ச்சலுக்குப் பின் தங்கும் நோய்



  கொள்ளைநோய்களை மனிதன் வென்ற கதைகள் பல உண்டு; அவற்றைச் சொல்வதும் கேட்பதும் உற்சாகம் தருவன. ஆனால் நான் இன்று பேசப்போவது, வைரஸ் தொற்று ஒருவரைப் பற்றி, காய்ச்சலாய் எரிந்து, தணிந்து, மருத்துவமனை ஏட்டில் ‘குணமடைந்தார்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிய பிறகும், மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், தேகத்தை விட்டு நீங்காது தங்கிவிடும் நோய்களைப் பற்றி.

அந்நோய்களைக் குறித்து நான் சொல்ல வந்தது ஒன்றே. ஆராய்ச்சி முதலில் நடந்து, காரணம் நிரூபணமாகி, அதன் பின்னரே ஒரு துன்பத்தை நோயென்று அங்கீகரிக்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். நடந்த வரலாறோ வேறுவிதமாக இருக்கிறது. நோயாளியின் வாக்கை நம்பி, இது நோய்தான் என்று ஒப்புக்கொண்ட இடங்களில் ஆராய்ச்சி வளர்ந்தது. ஒப்புக்கொள்ள மறுத்த இடங்களில் ஆராய்ச்சிக்குப் பணம் கிட்டவில்லை. ஆராய்ச்சி நடவாததனால் நிரூபணம் கிட்டவில்லை. நிரூபணம் இல்லை என்பதே மீண்டும் மறுப்புக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. இந்த வட்டத்தில் சிக்கி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருக்கின்றன. அதனை உடைப்பதற்கு வேண்டிய முதல் காரியம் அங்கீகாரமே என்பது என் வாதம்.

நம் தெருவில் கண்ட நோய்

நாம் எல்லோரும் அறிந்த சிக்குன்குனியாவிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். 1952-ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவில், அந்நாளில் டாங்கனீக்கா என்று வழங்கிய நாட்டின் தென்பகுதியிலுள்ள மக்கோண்டே பீடபூமியில் கண்டறியப்பட்ட அந்த வைரஸ், 1963-இல் கல்கத்தாவிலும், 1964-இல் சென்னை, வேலூர், புதுச்சேரி முதலிய ஊர்களிலும் பரவி, 1973-இல் மகாராஷ்டிரத்துப் பார்சியில் ஒருமுறை தலைகாட்டிவிட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் நம் நாட்டில் காணாமற்போயிருந்தது. 2005-இன் இறுதியில் அது திரும்பி வந்தது. 2006-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேர் அந்நோய்க்கு ஆளானதாகக் கணக்கிடப்பட்டது. உயிர்ச்சேதம் அரிது என்ற காரணத்தால் அதிகாரிகளும் பத்திரிகைகளும் அதனைச் சாதாரண நோய் வரிசையிலேயே வைத்தார்கள்.

அதன் பிறகு வீடுகளில் நடந்தது என்ன? காய்ச்சல் ஐந்தாறு நாளில் இறங்கிவிட்டது. ஆனால் மூன்று மாதம் கழித்தும், காலையில் பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் புறக்கடை வரை நடக்க இயலும். விரல்களை மடக்கிக் கையை மூட வராது. ஈரத் துணியைப் பிழிய முடியாது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்க முடியாது. சட்டைப் பித்தானைத் துளைக்குள் நுழைப்பதற்கு இன்னொருவர் வர வேண்டும். வெயில் ஏறிய பிறகு கணுக்கள் சற்று நெகிழும். அந்த இடைவேளையில் ஒரு நாள் வேலையைச் செய்து முடிக்கப் பார்த்தால், மாலையில் மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கிக்கொள்ளும். ‘காய்ச்சல் விட்டுப்போச்சு, வலி விடலை’ என்ற பேச்சு அந்நாளில் நம் ஊர்களில் எங்கும் கேட்டது. நாற்று நடவும் களை எடுக்கவும் போக முடியாமல் கூலியிழந்த பெண்களின் எண்ணிக்கையை எந்த ஏடும் குறித்துவைக்கவில்லை. பரிசோதனைக்குச் சென்றவர்களிற் பலருக்கு, முடக்குவாதத்துக்கான இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் காணவில்லை என்ற ரிப்போர்ட்டும், வலி மாத்திரையும் கிடைத்தன.

அதே வைரஸ், அதே காலத்தில், இந்து மகாசமுத்திரத்தில் பிரான்ஸின் ஆட்சிக்குட்பட்ட ரீயூனியன் தீவையும் தாக்கியது. எட்டு லட்சத்துக்கும் குறைந்த ஜனத்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அங்கே தொற்று ஏற்பட்டது. ஆனால் அங்குள்ள மருத்துவர்கள் காய்ச்சல் இறங்கியவுடன் ஏட்டை மூடிவிடவில்லை. நோயுற்றோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அவ்வாறு பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், மூன்று ஆண்டு கழிந்த பின்னும் பாதிப்பேருக்கு மேல் மூட்டுவலி நீடித்திருப்பது தெரியவந்தது. வலி நீங்காத ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்விலிருந்து எடுத்த சதைத் துணுக்கில், தொற்று நேர்ந்து 18 மாதம் கழித்தும் வைரஸின் சுவடு பாதுகாப்பு அணுக்களுக்குள் தங்கியிருந்தது. சிக்குன்குனியாவின் நீண்டகாலப் பின்விளைவுகளைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பகுதி, நோயாளியை நம்பித் தொடர்ந்து சென்ற அந்தச் சிறு தீவிலிருந்து வந்ததாகும்.

இது ஒரு வைரஸுக்கு மட்டும் உரிய விசேஷ குணமன்று. இளம்பிள்ளைவாதத்திலிருந்து மீண்டு, பல ஆண்டுகள் நடமாடியவர்களுக்கு மறுபடியும் தசைகள் பலமிழப்பது 1875-இலேயே பாரிஸில் குறித்துவைக்கப்பட்டிருந்தும், அது தனியொரு நோயாக நிலைபெறுவதற்கு 1980-கள் வரை காத்திருக்க நேர்ந்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் இளமையில் வந்து போகும் ஒரு சாதாரணத் தொற்று; பெரும்பாலோர் அதன் வருகையை அறிவதுகூட இல்லை. ஆயினும் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்களின் ஆவணங்களையும், சேமித்துவைத்திருந்த அவர்களுடைய இரத்த மாதிரிகளையும் கொண்டு ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 2022 ஜனவரியில் வெளியிட்ட முடிவின்படி, அத்தொற்றுக்குப் பின் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் வரக்கூடிய அபாயம் 32 மடங்கு பெருகுகிறது. ஆராயப்பட்ட 801 நோயாளிகளில் ஒருவரைத் தவிர எல்லோருமே நோய் தோன்றுவதற்கு முன் அவ்வைரஸுக்கு ஆளாகியிருந்தார்கள். தொற்றும் நோயும் பல ஆண்டு இடைவெளியில் நிற்கும்போது, இரண்டையும் இணைக்கும் இழையைக் காண்பதற்குப் பொறுமையான பதிவேடுகள் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

லண்டன், 1955

அங்கீகாரம் மறுக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு நோயின் சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1934-ஆம் ஆண்டுக் கோடையில், லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டப் பொது மருத்துவமனையில் இளம்பிள்ளைவாத நோயாளிகள் நிறைந்திருந்த சமயம், அங்கே பணிபுரிந்த மருத்துவர், செவிலியர் முதலானோரில் 198 பேர் விசித்திரமானதொரு நோயில் விழுந்தார்கள். தசைவலி, பலவீனம், நினைவுத் தடுமாற்றம், சிறிது உழைத்தாலும் மீண்டும் படுக்கை என்று மாதக்கணக்கில் நீடித்த அந்நோயில் உயிரிழந்தவர் இல்லை. நிரந்தர வாதமும் அரிதாகவே கண்டது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் கில்லியம் 1938-இல் வெளியிட்ட அறிக்கையில், வழக்கமான இளம்பிள்ளைவாதத்தோடு இது ஒத்துப்போகவில்லை என்பதைத் தெளிவாகப் பதிவுசெய்தார். பத்தாண்டு கழித்து ஐஸ்லாந்தின் வடகரையிலுள்ள அக்குரேரி என்ற சிற்றூரில் நானூறுக்கும் மேற்பட்டோர் அதே லட்சணங்களோடு நோயுற்றார்கள்.

1955 ஜூலை 13-ஆம் தேதி, லண்டனிலுள்ள ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு மருத்துவரும் ஒரு வார்டு சிஸ்டரும் நோயுற்றனர். இரண்டு வாரம் முடியுமுன் எழுபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் படுக்கையில் இருந்தார்கள்; மருத்துவமனையையே மூட வேண்டியதாயிற்று. அக்டோபர் வரை அது திறக்கப்படவில்லை. நவம்பர் மாத இறுதிக்குள் 292 ஊழியர்கள் அந்நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். ஏற்கெனவே அங்குப் படுத்திருந்த நோயாளிகளில் 12 பேருக்கு மட்டுமே அது தொற்றியது. தொண்டைவலி, தலைவலி, கழுத்தில் நெறிகட்டுதல், தலைசுற்றல் என்று தொடங்கி, கைகால்களில் தாங்கவொண்ணா வலியும் பலவீனமும், சிலருக்கு முகநரம்பும் கண்ணசைவு நரம்பும் செயலிழப்பதுமாக அது வளர்ந்தது. எந்தக் கிருமியும் அகப்படவில்லை.

அம்மருத்துவமனையில் தொற்றுநோய்ப் பிரிவைக் கவனித்துவந்த மெல்வின் ராம்சே அந்நோயாளிகளை நேரில் பார்த்தவர். காரணம் தெரியவில்லை என்பதற்காகக் கண்ணெதிரே கண்டதை இல்லையென்று சொல்ல அவருடைய மனம் ஒப்பவில்லை. அந்த ஆண்டோடு விட்டுவிடாமல், அதன் பிறகு தம்மிடம் தனித்தனியே வந்த நோயாளிகளிடமும் அதே லட்சணங்களைக் கண்டு, வாழ்நாள் முழுவதும் அவர்களைக் கவனித்து எழுதிவந்தார். 1956-இல் லான்செட் பத்திரிகையின் தலையங்கம் இது புதியதொரு நோயாகலாம் என்று கூறி, எம்.இ. என்று சுருக்கி வழங்கும் மயால்ஜிக் என்செஃபலோமைலிடிஸ் என்ற பெயருக்கு வழிகோலியது. அதை எழுதிய டொனால்ட் ஏச்சிசன், பல நாடுகளில் நிகழ்ந்த இத்தகைய பரவல்களையெல்லாம் தொகுத்து 1959-இல் விரிவான ஆய்வுரை ஒன்றையும் அளித்தார். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் 1969-இல் அது நரம்பு மண்டல நோய்களுள் ஒன்றாக இடம்பெற்றது. ஆராய்ச்சிக்கான வாசல் அவ்வளவில் திறந்திருந்தது.

1970 ஜனவரியில் அவ்வாசல் அடைபட்டது. கோலின் மெக்வீடி, பியர்ட் என்னும் இரண்டு மனநல மருத்துவர்கள், ராயல் ஃப்ரீயில் நிகழ்ந்தது கூட்டு ஹிஸ்டீரியா என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பழைய குறிப்பேடுகளைப் படித்து அம்முடிவுக்கு வந்தார்களே தவிர, நோயுற்றவர்களில் ஒருவரையேனும் அழைத்துப் பரிசோதிக்கவில்லை. ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டார்கள் என்பதையே அவர்கள் தங்கள் வாதத்தின் முக்கியத் தூணாக நாட்டினார்கள். நோயாளிகளைப் படுக்கையருகில் கண்ட மருத்துவர்கள் எழுதிய மறுப்புகள் பின்னால் தள்ளப்பட்டன. நோயாளியைக் காணாதவர்களின் கருத்து ஒரு தலைமுறை மருத்துவர்களின் பாடமாயிற்று. ஒரு கருத்துப் பிழையாவது சாஸ்திரத்தில் இயல்பே. அதைச் சோதித்துப் பாராமலே ஏற்றுக்கொண்டதுதான் பெருங்குற்றம். பெண்கள் சொல்லும் வலியை மனோவியாதி என்று ஒதுக்கும் பழக்கம் மருத்துவத்தில் முன்பே ஊறியிருந்ததனால் அந்த ஏற்பு எளிதாயிற்று என்று நான் கருதுகிறேன்.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் நிலைமை இதுவே. 1984-85-இல் அமெரிக்காவில் டாஹோ ஏரிக்கரையிலுள்ள இன்க்ளைன் வில்லேஜ் என்ற ஊரில் எம்.இ.யை ஒத்த நீங்காத சோர்வுநோய் பலருக்கும் பரவியபோது, அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஆய்வாளர்களை அனுப்பி, 1988-இல் க்ரானிக் ஃபடீக் சிண்ட்ரோம் என்ற பெயரால் ஒரு வரையறையை வெளியிட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் அந்நோயின் ஆராய்ச்சிக்கெனப் பணமும் ஒதுக்கியது. ஆனால் 1999-இல் அரசுத் தணிக்கை வெளிப்படுத்திய உண்மை வருத்தத்துக்குரியது: 1995 முதல் 1998 வரை அந்நோயின் பேரில் கணக்கெழுதிய 2.27 கோடி டாலரில் 88 லட்சம் டாலர் பிற காரியங்களுக்குச் செலவாகியிருந்தது. மேலும் 41 லட்சம் டாலருக்குத் தக்க ஆவணமே இல்லை. நோயை நோயென்று மனத்தார ஏற்காத இடத்தில், கொடுத்த பணமும் அதன் காரியத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.

உழைப்பால் பெருகும் நோய்

எம்.இ. நோயின் மைய லட்சணம் எது என்பதை இங்கே விளக்கிவிட வேண்டும். சோர்வு எல்லோருக்கும் உண்டு. தூங்கி எழுந்தால் தீரும். இந்நோயாளிகளின் நிலையோ வேறு. கடைக்குச் சென்று வந்தாலும், குளித்துத் தலை துவட்டினாலும், அரைமணி நேரம் மனம் ஒன்றி ஒரு கடிதம் எழுதினாலும், அப்போதைக்கு ஒன்றும் தெரியாதிருந்து, பல மணி நேரம் கழித்து, அல்லது மறுநாள், உடல் முழுவதும் சரிந்து, வெளிச்சமும் ஓசையும் பொறுக்காமல், நாட்கணக்கில் படுக்கையில் கிடக்க நேர்கிறது. உழைப்புக்கும் சரிவுக்கும் இடையேயுள்ள இந்தத் தாமதத்தைத்தான் மருத்துவர்கள் நெடுங்காலம் காணத் தவறினார்கள். நோயாளி மருத்துவரின் முன்னால் வந்து உட்காரும் நாள் அவருடைய நல்ல நாளாக இருக்கிறது. அவர் சரிந்து கிடக்கும் நாளில் மருத்துவர் அருகில் இல்லை.

இதை அளந்து காட்டும் வழியொன்றை அமெரிக்காவின் உடற்பயிற்சி விஞ்ஞானிகள் கண்டார்கள். நோயாளியை நிலைச் சைக்கிளில் அமர்த்தி, மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி அணிவித்து, மிதிக்க மிதிக்கச் சுமையைப் படிப்படியாக ஏற்றி, அவர் உட்கொள்ளும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் மூச்சுக்கு மூச்சு அளப்பது முதல் நாள் வேலை. அந்த ஒரு நாள் அளவை மட்டும் பார்த்தால், பழக்கமின்மையால் தளர்ந்த எந்த மனிதருக்கும் இவருக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. 24 மணி நேரம் கழித்து அதே சோதனையை மீண்டும் செய்தால்தான் உண்மை வெளிப்படுகிறது. உழைப்புப் பழக்கமில்லாத ஆரோக்கியமானவர் முதல் நாள் செய்ததையே இரண்டாம் நாளும் செய்கிறார்; இந்நோயாளியின் திறனோ இறங்கிவிடுகிறது. மன உறுதியால் எளிதில் கூட்டவோ குறைக்கவோ இயலாத வாயு அளவுகள் இவை. ஒரே நாளில் சோதித்து அனுப்பும் வழக்கத்தினால் எத்தனை பேருக்கு ‘ஒன்றுமில்லை’ என்ற தீர்ப்பு வழங்கப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப்பாருங்கள்.

இந்த லட்சணத்தை உணராத சிகிச்சை என்ன செய்யும் என்பதற்குப் பிரிட்டனில் நடந்த பேஸ் ஆய்வு ஒரு பாடம். ஏறத்தாழ ஐம்பது லட்சம் பவுன் செலவில் 641 நோயாளிகளிடம் நடத்தி 2011-இல் லான்செட்டில் வெளியிட்ட அவ்வாய்வு, தேகப்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுவதாலும், நோயைப் பற்றிய எண்ணங்களை மாற்றும் உளச்சிகிச்சையாலும் நன்மை விளைவதாகக் கூறியது. நோயாளிகள் அதை ஏற்கவில்லை, எண்களைத் திறந்துபார்த்தார்கள். உடலியக்கத்தை நூற்றுக்கு மதிப்பிடும் ஓர் அளவுகோலில் 65 அல்லது அதற்குக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள்தான் நோயாளிகளாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். குணமடைந்தவர் என்று கொள்வதற்கு அதே அளவுகோலில் முதலில் 85 என்று வகுத்திருந்த எல்லை, பிற்பாடு 60-ஆகத் தாழ்த்தப்பட்டிருந்தது. அதாவது 65-இல் நோயாளியாகச் சேர்ந்து, 60-க்கு இறங்கிய ஒருவரும் அந்த அளவுகோலைப் பொறுத்தமட்டில் குணமடைந்தவராகக் கொள்ளப்படலாம். மூல விவரங்களை வெளியிடுமாறு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு நோயாளி தொடுத்த விண்ணப்பம் தீர்ப்பாயம் வரை சென்று, 2016-இல் வெளியிட உத்தரவாயிற்று. முதலில் வகுத்த எல்லையைக் கொண்டு மறுபடி கணக்கிட்டபோது, குணமடைந்தோர் விகிதத்தில் அச்சிகிச்சைகளுக்குக் குறிப்பிடத்தக்க மேன்மை எதுவும் காணப்படவில்லை. பிரிட்டனின் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, தான் 2007-இல் பரிந்துரைத்திருந்த படிப்படியான தேகப்பயிற்சியை 2021 அக்டோபரில் விலக்கிக்கொண்டது. படுக்கையில் கிடந்தபடி புள்ளிவிவரம் கற்று ஒரு சாஸ்திரத்தைத் திருத்திய அந்த நோயாளிகளுக்கு மருத்துவ உலகம் கடமைப்பட்டிருக்கிறது.

கொள்ளைநோய் தந்த சாட்சியம்

2020-இல் கோவிட் பெருந்தொற்று வந்தது. இலேசான நோய் என்று வீட்டிலேயே இருந்து மீண்ட பலர், இரண்டு மாதமாகியும் மாடிப்படி ஏற முடியவில்லை, நெஞ்சு படபடக்கிறது, வாசித்த வரி நினைவில் நிற்கவில்லை என்று ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினார்கள். இத்தாலியத் தொல்லியலாளர் எலிசா பெரேகோ அவ்வாண்டு மே மாதத்தில் ‘லாங் கோவிட்’ என்ற பெயரை வழங்கினார். ஆகஸ்டில் உலகச் சுகாதார நிறுவனம் நோயாளிகளைச் சந்தித்துக் கேட்டது. அவ்வாண்டிலேயே நோய்ப்பட்டியலில் அதற்குத் தனிக் குறியீடு ஏற்பட்டது. தொற்று தொடங்கி மூன்று மாத அளவில் காணப்பட்டு, இரண்டு மாதமேனும் நீடித்து, வேறு காரணத்தால் விளக்கவொண்ணாத நிலை என்ற வரையறையை 2021 அக்டோபரில் அந்நிறுவனம் வெளியிட்டது. நோயாளிகளாகிய ஆராய்ச்சியாளர்களே கூடி 56 நாடுகளைச் சேர்ந்த 3,762 பேரிடம் கேட்டறிந்து, 203 நோய்க்குறிகளைத் தொகுத்து வெளியிட்டார்கள்.

எம்.இ. நோயாளிகள் பல பத்தாண்டுகள் தட்டியும் திறவாத கதவு இவர்களுக்கு ஓராண்டுக்குள் திறந்ததற்குக் காரணம் என்ன? ஒரே சமயத்தில் லட்சக்கணக்கானோர் நோயுற்றார்கள். அவர்களுள் மருத்துவர்களும் செவிலியர்களும் ஏராளமாக இருந்தார்கள். தொற்றின் பெயரும் தேதியும் கையில் இருந்தன. அங்கீகாரம் வந்ததும் ஆராய்ச்சி பின்தொடர்ந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் 2020 டிசம்பரில் 115 கோடி டாலர் ஒதுக்கியது. ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர்கள் 25 நோயாளிகளையும் 21 ஆரோக்கியமானவர்களையும் சைக்கிள் மிதிக்கச் செய்து, அதற்கு முன்னும் மறுநாளும் தொடைத் தசையில் சிறு துணுக்கெடுத்துப் பார்த்து, நோயாளிகளின் தசை அவ்வுழைப்பால் சேதமுற்றதையும், அணுக்களின் சக்தி உற்பத்தி குன்றியதையும் 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள். பழைய நோயாளிகள் சொல்லிவந்தது கண்ணாடிச் சில்லின்மேல் பிரத்தியட்சமாயிற்று. உடலில் ஒளிந்திருக்கும் வைரஸ் எச்சம், தன் உடலையே தாக்கும் எதிர்ப்புச் சக்தி, உறங்கிக்கிடந்த எப்ஸ்டீன்-பார் போன்ற பழைய வைரஸ் விழித்தெழுதல், நுண்ணிய இரத்த நாளங்களில் பழுது என்று பல வழிகள் இன்று ஆராயப்படுகின்றன. ஒரே காரணம் எல்லோருக்கும் பொருந்தும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. எடின்பரோவை மையமாகக் கொண்ட குழு ஒன்று 15,000-க்கும் மேற்பட்ட எம்.இ. நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களை 2025-இல் அறிவித்திருக்கிறது.

இத்தனைக்கும் முன்மாதிரியாக நான் மதிக்கும் ஆய்வு, ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற நாட்டுப்புற ஊரில் நடந்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், க்யூ காய்ச்சலுக்குரிய பாக்டீரியா ஆகிய மூன்றில் ஒன்றால் காய்ச்சல் கண்ட 253 பேரை, காய்ச்சல் கண்ட காலந்தொட்டே பெயர் பதிந்து ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி, கிருமி எதுவாயினும் பின்வந்த நோயின் உருவம் ஒன்றாகவே இருந்தது. ஆறு மாதம் கழித்து ஏறத்தாழ எட்டில் ஒருவர் இன்னும் முடங்கியிருந்தார். யாருக்கு நோய் நீடிக்கும் என்பதை முன்னறிவித்தது தொடக்கக் காய்ச்சலின் கடுமையே. வயதோ, பாலோ, முன்னிருந்த மனநிலையோ அதனை முன்னறிவிக்கவில்லை. 1970-இல் எழுந்த வாதத்துக்கு இதுவே தக்க விடை. பெருஞ்செலவுக் கருவிகள் இதற்கு வேண்டியிருக்கவில்லை. முதல் நாளில் பெயரை எழுதிக்கொண்டு, மீண்டும் மீண்டும் சென்று விசாரிக்கும் உள்ளமே வேண்டியிருந்தது.

செய்யத்தக்கன

ஆகவே இம்மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, டெங்குவோ, சிக்குன்குனியாவோ, வேறு எந்தக் காய்ச்சலோ ஊரில் பரவும்போது, நோயுற்றவர்களில் ஒரு பகுதியினரையேனும் ஓராண்டு பின்தொடரும் ஏற்பாட்டை மருத்துவக் கல்லூரிகள் மேற்கொள்ள வேண்டும். வீடுதோறும் செல்லும் கிராமச் சுகாதாரச் செவிலியர் நம்மிடம் இருக்கிறார்கள். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் கேட்கத்தக்க ஐந்து கேள்விகளை அவர்கள் கையில் கொடுத்தால் போதும்.

இரண்டாவது, மருத்துவக் கல்வி. அமெரிக்காவின் தேசிய மருத்துவக் கழகம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டில் எம்.இ. நோயாளிகள் 8,36,000 முதல் 25 லட்சம் வரை இருக்கலாம் என்றும், அவர்களில் 84 முதல் 91 விழுக்காட்டினருக்கு நோய் இன்னதென்று நிர்ணயிக்கப்படவே இல்லை என்றும் மதிப்பிட்டது. செல்வமும் வசதியும் மிக்க நாட்டின் கதி அதுவாயின், கற்பிக்கப்படாத நோயை நம் இளம் மருத்துவர் எங்ஙனம் அடையாளம் காண்பார்? உழைத்த மறுநாள் உடல் எப்படி இருக்கிறது என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு மாணவரும் கேட்கப் பழகினால், ஆயிரக்கணக்கானோரின் அலைச்சல் குறையும்.

மூன்றாவது, சட்டம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் தொழுநோயிலிருந்து குணமடைந்தோரும் ஒரு வகையினர். கிருமி அழிந்த பின்னும் அது விளைத்த குறை நிற்கும், அக்குறைக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டின் சட்டம் இதன் மூலம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடப்பவரின் பெயர் மட்டும் அப்பட்டியலில் இல்லை. வேறு வகைகளையும் அறிவிக்கை வாயிலாகச் சேர்த்துக்கொள்ள மத்திய அரசுக்கு அச்சட்டமே அதிகாரம் அளித்திருப்பதனால், புதிய சட்டம் இயற்ற வேண்டிய அவசியமும் இல்லை. விடுப்பு, உதவித்தொகை, வேலையில் சலுகை ஆகிய யாவும் அந்த ஒரு வரியைப் பின்பற்றி வரும்.

மருத்துவ மாணவர்களுக்கு இறுதியாக ஒரு சொல். உங்கள் கருவி காட்டாததைச் சொல்லிக்கொண்டு ஒருவர் உங்கள் முன் வந்து நிற்பார். ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று அவரிடம் சொல்லாதீர்கள். ‘காரணம் இன்னும் தெரியவில்லை, நோய் இருக்கிறது’ என்று சொல்லுங்கள். சொன்னதோடு நில்லாமல், அவர் கூறுவதை நாளும் தேதியும் இட்டு ஏட்டில் எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் வரச் சொல்லுங்கள். நாளைய ஆராய்ச்சிக்கு வேண்டிய முதல் ஆவணம் அதுவே.